‘இல்லை’ என்று எழுதிய டாக்டர்கள்

அடுத்தவருக்கு எங்கிருந்தெல்லாம் வரும்படி வருகிறது என்று கேட்டு எழுதி வாங்குவது என் தொழில், அதுவும் டாக்டர்களிடம்.

வருமானவரி ஆபீஸ் என்று நினைத்துவிடாதீர்கள். ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்து டாக்டர்கள் சிலர் சேர்ந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு மருத்துவ இதழ் கொண்டுவருகிறார்கள். ராயக்கோட்டை ரோட்டில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு மேல்மாடியில் ஆபீஸ். ஆபீஸ் என்றால் நானும் ஒரு கம்ப்யூட்டரும், வாரத்தில் மூன்று நாள் வந்துபோகும் ஆசிரியர் டாக்டர் ஜரீனா மேடமும்தான். டாக்டர்கள் தங்கள் ஆராய்ச்சியைக் கட்டுரையாக எழுதி அனுப்புவார்கள். கூடவே ஒரு டிக்ளரேஷன் ஃபார்ம் வர வேண்டும். எந்த மருந்துக் கம்பெனியாவது உங்களுக்குப் பணம் கொடுத்ததா? வெளியூர் கூட்டிப்போனதா? உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ அதில் பங்கு உண்டா? உண்டு என்றால் குற்றமில்லை, சொல்லிவிட்டால் போதும். கட்டுரையின் அடியில் அதைப் போட்டுவிடுவோம். எவ்வளவு நம்பலாம் என்று படிக்கிறவர் முடிவு செய்துகொள்வார்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் வாடகைக்கு வருகிறவரிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறவர்களே, கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து மொய் எழுதுகிறவர்களே, கடன் மனுவோடு வருகிறவரிடம் ‘வேறு கடன் இருக்கா?’ என்று கேட்டுத் திட்டு வாங்குகிறவர்களே, உங்களுக்கு என் பாடு புரியும். கேட்கிறவளுக்கே வயிற்றெரிச்சல் இருந்தால் பாடு இரட்டிப்பு. எனக்கு இருந்தது.

வேலித் தகராறு

வேலைக்குச் சேர்ந்த புதிது. குருபரப்பள்ளியில் ஹைவே ஓரமாக எலும்பு முறிவு கிளினிக் வைத்திருக்கும் ஒரு பெரியவர் கட்டுரை அனுப்பியிருந்தார். பைக்கில் போகிறவர்கள் எந்தெந்த எலும்பை உடைத்துக்கொண்டு வருகிறார்கள் என்பதைப் பற்றி நல்ல கட்டுரை. ஃபார்மில் கம்பெனித் தொடர்பைக் கேட்கும் ‘கான்ஃபிளிக்ட்’ என்ற பகுதியை மட்டும் காலியாக விட்டிருந்தார். போன் செய்தேன். பின்னால் லாரி ஹாரன் சத்தம், யாரோ ஒருவர் “அய்யோ அய்யோ” என்று அலறும் சத்தம். “சார், உங்களுக்கு கான்ஃபிளிக்ட் ஏதாவது இருக்குங்களா?” என்று நான் கத்திக் கேட்டேன்.

அவர் அலறியவரைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொன்னார். பிறகு மிகவும் பொறுமையாகச் சொன்னார்: “எனக்கு யாரோடயும் சண்டை இல்லம்மா. பக்கத்து நிலத்துக்காரனோட வேலித் தகராறு ஒண்ணு இருந்துச்சு, அதுவும் போன மாசம் பேசி முடிச்சுட்டோம்.”

ஆறு வரி

ஓசூரில் ஒரே தெருவில் எதிரெதிராக இரண்டு இதய டாக்டர்கள். ஒருவருடைய கட்டுரைக்கு அடியில் ஆறு வரிக்கு அறிவிப்பு வந்தது. இந்தக் கம்பெனி கூட்டத்தில் பேசியதற்குப் பணம், அந்தக் கம்பெனிக்கு ஆலோசகர், இன்னொரு கம்பெனி செலவில் வெளிநாடு என்று எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதிக் கொடுத்திருந்தார். எதிர் வரிசை டாக்டருக்கு அதற்கு முந்தின இதழில் ‘எதுவுமில்லை’ என்று ஒரே வரி.

இதழ் போய்ச் சேர்ந்த மறுநாளே அவர் படியேறி வந்துவிட்டார். மூச்சு வாங்கியது. தன்னுடைய ஃபார்மைத் திருத்த வேண்டும் என்றார். எதைச் சேர்ப்பது என்று கேட்டேன். யோசித்து யோசித்து, ஒரு சுவர்க்கடிகாரம், இரண்டு டைரி, ஒரு குடை என்றார். குடை எந்தக் கம்பெனி என்று அவருக்கே ஞாபகம் இல்லை. “அச்சாகிப் போச்சுங்க சார். ‘எதுவுமில்லை’ன்னா பெருமைதானே?” என்றேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “என்னம்மா பெருமை? என்னை ஒரு கம்பெனியும் சீந்தலைன்னு ஊரெல்லாம் தெரிஞ்சுபோச்சு.”

இரண்டு படி ராகி

தேன்கனிக்கோட்டைப் பக்கம் வேலை பார்க்கும் ஓர் இளம் டாக்டர், யானை தாக்கிக் காயம்பட்டவர்களுக்குச் செய்யும் முதலுதவி பற்றி எழுதியிருந்தார். இப்படி ஒரு சுத்தமான ஃபார்மை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் ‘இல்லை’, ‘இல்லை’ என்று மணிமணியான கையெழுத்து. கடைசிக் கட்டத்தில் மட்டும் ஒரு கேள்விக்குறி போட்டு விட்டிருந்தார்.

என்ன என்று கேட்டதற்கு, நாட்றாம்பாளையத்திலிருந்து வந்த ஒரு நோயாளி குணமாகிப் போகும்போது ஏதோ கொடுத்ததாகவும், வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் வைத்துவிட்டுப் போனதாகவும் சொன்னார். அவர் விளையாடவில்லை. நிஜமாகவே குழம்பிப்போயிருந்தார். அந்த நிமிஷத்தில் எனக்கு அவர்மேலும் பொறாமை வந்தது. நான் எத்தனை பேர் கட்டுரையில் எத்தனை பிழை திருத்தியிருக்கிறேன், ஒருவராவது ஒரு வாழைப்பழம் கொடுத்ததுண்டா?

“யானை தின்னுட்டு மிச்சம் விட்ட காட்டுல அறுத்த ராகிங்க, ரெண்டு படி. அது கம்பெனி கட்டத்துல வருமா, பரிசு கட்டத்துல வருமா?”

முக்கால் மார்க்

இனி என் கதைக்கு வருகிறேன். நானும் கவிதாவும் ஓசூரில் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை ஒரே பெஞ்ச். இரண்டு பேருடைய அப்பாக்களும் ஒரே தொழிற்சாலையில் ஒரே ஷிஃப்ட். என் அப்பா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், அவள் அப்பா தர்மபுரி. இரண்டு பேரும் டாக்டருக்குத்தான் படித்தோம். அவளுக்கு சீட் கிடைத்தது. எனக்கு முக்கால் மார்க்கில் போய்விட்டது. முக்கால் மார்க் என்றால் என்ன? தாவரவியலில் ஒரு படத்துக்கு ஒரு பாகம் குறிக்காமல் விட்டது. நான் பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி. என்று எதையெதையோ படித்து, ஒரு லேபில் இருந்து, கடைசியில் இந்த மாடியில் வந்து உட்கார்ந்தேன்.

கவிதா தோல் டாக்டர் ஆனாள். பாகலூர் ரோட்டில் அவளும் அவள் கணவரும் சேர்ந்து ஆஸ்பத்திரி கட்டினார்கள். கணவர் டாக்டர் இல்லை, நிர்வாகம் பார்ப்பவர். திறப்பு விழாவுக்கு என்னையும் கூப்பிட்டாள். நான் போனேன். கண்ணாடிக் கதவு, மார்பிள் தரை, லிஃப்ட். எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் பார்த்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை. என் கணவர் முருகேசன் மெஷின் ஷாப்பில் ஆபரேட்டர். ரசம் மட்டும் ஊற்றிக்கொண்டு நான் பிசைவதைப் பார்த்துவிட்டு, அவர் தன் ஊர்ப் பேச்சில் கேட்டார்: “விசேஷ வீட்டுல பந்தி பலமால்ல இருந்திருக்கும்? அப்புறம் ஏன் மூஞ்சி பட்டினி கெடந்த மாதிரி இருக்கு?”

நீல நிற ட்யூப்

போன வருஷம் கவிதாவிடமிருந்து எங்கள் இதழுக்கு ஒரு கட்டுரை வந்தது. லேத்திலும் மற்ற மெஷின்களிலும் வேலை செய்கிறவர்களுக்குக் மெஷின் சூட்டைத் தணிக்க ஊற்றும் கூலன்ட் எண்ணெய் பட்டுப் பட்டுக் கையெல்லாம் வெடித்து அரிக்கும். வேலை தொடங்கும் முன் தடவிக்கொள்ள ஒரு கிரீம். அதைத் தடவியவர்களுக்கு மிக நல்ல பலன் என்று எழுதியிருந்தாள். இந்த வட்டாரத்தில் எத்தனை மெஷின், எத்தனை கை என்று நினைத்துப் பாருங்கள். கட்டுரை வந்தால் ஒவ்வொரு தொழிற்சாலையும் அந்தக் கிரீமைப் பெட்டி பெட்டியாக வாங்கும். ஃபார்மைப் புரட்டினேன். தனக்கும் தன் வீட்டாருக்கும் எந்தத் தொடர்பும் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

கிரீமின் பெயரை எங்கேயோ பார்த்த ஞாபகம். வீட்டில் முருகேசனின் டிபன் பையைத் துழாவினால் நீல நிற ட்யூப். அதே பெயர். “இது எங்க கெடச்சது?” என்று கேட்டேன். “கம்பெனியில குடுத்தாக. உன் கூட்டாளி டாக்டரம்மா வீட்டுக்காரரு வந்திருந்தாரு. அவரும் இன்னொருத்தரும் பார்ட்னராம். சொந்தத் தயாரிப்புன்னு அவரே சொன்னாரு, தடவியும் காமிச்சாரு,” என்றார்.

உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு உடம்பெல்லாம் ஜில்லென்று ஆனது. அந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? முக்கால் மார்க் திரும்பக் கைக்கு வந்தது போல இருந்தது. ட்யூபை எடுத்து முன்னும் பின்னும் போட்டோ பிடித்தேன். “மாட்டிக்கிட்டா பாருங்க!” என்றேன். முருகேசன் தன் இரண்டு கையையும் விரித்து எனக்கு முன்னால் நீட்டினார். ஆறு மாதமாக வெடித்துக் கிடந்த கை, இப்போது கொஞ்சம் ஆறியிருந்தது.

“யாரு கம்பெனியா இருந்தா நமக்கென்ன செல்வி? எனக்கு அரிப்பு கொறஞ்சிருக்குல்ல?”

மேடம் கேட்டது

மறுநாள் ஜரீனா மேடம் வருவதற்கு முன்பே கடிதம் தயார். ‘உண்மையை மறைத்ததால் கட்டுரை நிராகரிக்கப்படுகிறது’ என்று தொடங்கி இரண்டு பக்கம். மருத்துவக் கவுன்சிலுக்கு நகல் அனுப்பலாம் என்றுகூட அடியில் எழுதியிருந்தேன். மேடம் நோய்க்குறியியல் டாக்டர். காலையில் தன் லேபை முடித்துவிட்டு ஸ்கூட்டியில் வருவார். வந்ததும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கடிதத்தையும் போட்டோவையும் பார்த்தார்.

“கவிதா என்ன சொல்றாங்க?”

“அவங்க என்ன சொல்லணும் மேடம்? ஆதாரம் இருக்கே.”

“நீ போன் பண்ணிக் கேட்டியா?”

நான் போட்டோவை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “குருபரப்பள்ளிக்காரருக்குப் பண்ணின. ராகி வாங்கினவருக்குப் பண்ணின. போன இதழ்ல ஒருத்தர் கம்பெனி டூரை எழுத மறந்துட்டாருன்னு மூணு தடவை பண்ணி எழுத வச்ச. இவங்களுக்கு மட்டும் ஏன் பண்ணல?”

பதில் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது: இது மறதி இல்லை மேடம், மோசடி. ஆனால் கண்ணில் தண்ணீர்தான் வந்தது. திறப்பு விழா, மார்பிள், முக்கால் மார்க் எல்லாவற்றையும் கொட்டினேன். “எனக்கு அவ மேல பொறாமை மேடம். பதினெட்டு வருஷமா. அவ தப்புப் பண்ண மாட்டாளான்னு காத்துக்கிட்டே இருந்தேன்,” என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என் கடிதத்தை நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். கவிதாவின் ஃபைலை எடுத்துத் தன் பக்கம் வைத்தார். இனி அதை நான் தொடக் கூடாது, போனும் அவரே பேசுவார், எல்லாம் அவரே பார்ப்பார் என்றார். பிறகு டாக்டர்களிடம் நான் வழக்கமாகச் சொல்வதையே, என் குரலிலேயே, என்னிடம் சொன்னார்: “இருந்தா தப்பில்ல. முதல்லயே சொல்லியிருந்தா ஒரு வரியில முடிஞ்சிருக்கும்.”

ஓரளவு

அடுத்து நடந்ததெல்லாம் எனக்குக் கதவுக்கு இந்தப்புறம் நின்று கேட்ட கதைதான். மேடம் போனில் பேசினார். கவிதா மறுக்கவில்லை. மறுவாரமே புது ஃபார்ம் வந்தது. அத்தோடு மேடம் விடவில்லை. கட்டுரையின் கணக்கு முழுவதையும் வேலூர்ப் பக்கம் இருக்கும் இன்னொரு தோல் டாக்டருக்கு அனுப்பிச் சரிபார்க்கச் சொன்னார். பாதியில் கிரீமை நிறுத்திவிட்டவர்களைக் கவிதா கணக்கில் சேர்க்கவில்லை என்று அவர் காட்டினார். அவர்களையும் சேர்த்தால் ‘மிக நல்ல பலன்’ என்பது ‘ஓரளவு பலன்’ ஆனது. தலைப்பை மாற்றி, முடிவை மாற்றி, அடியில் கணவரின் பங்கைச் சொல்லி, கட்டுரை வெளிவந்தது.

நான் எதிர்பார்த்தது என்ன? அவள் தலைகுனிய வேண்டும், நாலு பேர் பேச வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை. இதழ் வந்த அன்று முருகேசனிடம் காட்டினேன். தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஓரளவுதான். அதுதான் நெசம். எண்ணெய் அதிகமா தெறிக்கிற அன்னைக்கு இது தாங்கல. உன் மேடம் இங்க வந்து என் கையைப் பாத்துட்டா எழுதுனாக?”

கிருஷ்ணகிரிக் கூட்டம்

இரண்டு மாதம் கழித்து கிருஷ்ணகிரியில் ஒரு ஹோட்டல் ஹாலில் இதழின் ஆண்டுக் கூட்டம். பெயர் அட்டை கொடுக்கும் மேஜையில் நான். கவிதா வெண்பட்டுப் புடவையில் வந்து தன் அட்டையை வாங்கிக்கொண்டாள். “நல்லாயிருக்கியா?” என்றாள். “இருக்கேன்,” என்றேன். அவ்வளவுதான். பிறகு மேடை ஏறினாள். திரையில் விழுந்த முதல் படத்திலேயே பெரிய எழுத்தில் போட்டுவிட்டாள்: இந்தக் கிரீம் கம்பெனியில் என் கணவர் பங்குதாரர், அதை மனதில் வைத்துக்கொண்டு நான் சொல்வதைக் கேளுங்கள்.

கைதட்டல் கூரையைப் பிளந்தது. ஆம், கைதட்டல்! முன்வரிசையில் இருந்த ஒரு மூத்த டாக்டர் எழுந்து, “இந்த நேர்மைதான் வேணும். நம்ம ஆளுங்க எல்லாரும் கத்துக்கணும்,” என்றார். நான் கையில் இருந்த பெயர் அட்டைக் கயிற்றை முறுக்கு முறுக்கு என்று முறுக்கினேன். கண்டுபிடித்தது நான். அழுதது நான். ஃபைல் பறிபோனதும் எனக்குத்தான். கடைசியில் நேர்மைக்கும் அவளுக்குத்தான் கைதட்டல். அந்த நிமிஷம் அவள் ஆஸ்பத்திரியைவிட, மார்பிள் தரையைவிட, அந்தக் கைதட்டல்மேல்தான் எனக்கு அதிகப் பொறாமை.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஹால் காலியானது. கவிதா இரண்டு தட்டில் தயிர்சாதம் எடுத்துக்கொண்டு நேராக என் மேஜைக்கு வந்தாள். ஒன்றை என் பக்கம் தள்ளினாள்.

“நீதானே கண்டுபிடிச்ச?”

“ஆமா.”

“எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம் செல்வி.”

“பண்ணியிருக்கணும். தப்புத்தான்,” என்றேன். அதைச் சொன்னதும் மனசு கொஞ்சம் லேசானது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. “நீ ஏன் ‘இல்லை’ன்னு எழுதின? தெரியாமலா?”

அவள் ஊறுகாயைத் தொட்டுத் தொட்டு வைத்தாள். ஏழு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் நான். விடை தெரிந்தும் சொல்லக் கூச்சப்பட்டால் அவள் இப்படித்தான் தலையைக் குனிந்துகொள்வாள். கம்பெனிக்கு விற்பனை போய்விடும் என்று பயந்தேன் என்று சொல்வாள், அல்லது கணவர் எழுதச் சொன்னார் என்பாள் என்று காத்திருந்தேன்.

“விக்காதுன்னும் பயம் இருந்துச்சு, இல்லைங்கல,” என்றாள். பிறகு நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்தாள். “ஆனா ஃபார்ம் மொதல்ல உன் கைக்குத்தான் வரும்னு தெரியும். திறப்பு விழா அன்னைக்கு நீ லிஃப்டைப் பார்த்த பார்வை எனக்கு மறக்கல. மறுநாளே அந்த லிஃப்ட் நின்னுபோச்சுடி. இதுலயும் உன் கண்ணு பட்டுடக் கூடாதுன்னுதான் மறைச்சேன்.”

ஆக, கம்பெனிக்குப் பயந்து மறைக்கிற டாக்டர், வீட்டுக்காரருக்குப் பயந்து மறைக்கிற டாக்டர் என்ற இரண்டு வகையோடு, என் கண்ணுக்குப் பயந்து மறைக்கிற டாக்டர் என்று மூன்றாவது வகையும் ஓசூரில் உண்டு என்பதே இந்தத் தொழிலில் நான் கண்ட லாபம்.